விசில் ஊதவா பட்டம்?

கூட்டம் முடிந்தபோது இரவு மணி பதினொன்று. ஒலிபெருக்கிக்காரர் கம்பியைச் சுருட்டிக் கொண்டிருந்தார். கொடித் தோரணங்களைத் தோழர்கள் அவிழ்த்துக் கொண்டிருந்தனர். மேடைக்கு எதிரேயிருந்த தேநீர்க் கடையின் பெஞ்சில் நாலைந்து பேர் உட்கார்ந்தோம். ஒன்றரை மணி நேரம் பேசிய தொண்டை. சூடாக ஏதேனும் உள்ளே இறங்கினால் போதும் என்றிருந்தது. அன்று நான் பேசிய பொருள், சமூக நீதி.

அப்போது வந்தார் அந்தத் தோழர். காய்கறிச் சந்தையில் மூட்டை சுமப்பவர், ஐம்பதைத் தாண்டியவர், அந்த ஊரில் கழகக் கொடி எந்த நாளில் ஏறினாலும் கயிற்றைப் பிடிக்கும் கரங்களில் ஒன்று அவருடையது. அவருக்குப் பின்னால், இரண்டடி தள்ளி, அவருடைய மகள்.

"தம்பி! வீட்டிலே ஒரு வழக்கு. நீங்கதான் தீர்த்து வைக்கணும்" என்றார்.

"சொல்லுங்க அண்ணே" என்றேன்.

"இது என் மக. பி.ஏ. முடிச்சிடுச்சு. எங்க வம்சத்திலேயே முதல் பட்டம். இனிமே ஒரு வேலைக்குப் போகும்னு பார்த்தா, இன்னும் ரெண்டு வருஷம் படிக்கணுங்குது. சரி, படிக்கட்டும். என்ன படிப்புன்னு கேட்டேன். விளையாட்டு வாத்தியார் படிப்பாம்! நீங்களே சொல்லுங்க தம்பி, விசில் ஊதறதுக்கு எதுக்குப் பட்டம்?"

சிரித்தார்கள். பெஞ்சில் இருந்தவர்கள் அத்தனை பேரும் சிரித்தார்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நானும் சிரித்தேன். சிரிக்காதவள் ஒருத்திதான். அந்தப் பெண்!

அவள் சிரிக்காததைக் கண்ட பிறகுதான், நம்முடைய சிரிப்பு எங்கிருந்து வந்தது என்ற எண்ணமே எனக்கு எழுந்தது.

சிரிப்பின் பிறப்பிடம்

மருத்துவம் படிக்கப் போகிறேன் என்று அவள் சொல்லியிருந்தால் சிரித்திருப்போமா? சட்டம் படிக்கப் போகிறேன் என்றிருந்தால்? அவ்வளவு ஏன், இதே ஆசிரியர் தொழில்தான், கணக்கு வாத்தியாராகப் போகிறேன் என்றிருந்தால்? "பலே!" என்று முதுகில் தட்டியிருப்போம். உடற்கல்வி ஆசிரியர் என்றதும் சிரிப்பு வருகிறதே, ஏன்?

முகத்திலே பிறந்தவன் ஓதுவான், தோளிலே பிறந்தவன் ஆளுவான், தொடையிலே பிறந்தவன் விற்பான், காலிலே பிறந்தவன் உழைப்பான் என்று ஒரு கதை கட்டினார்களே, நினைவிருக்கிறதா? அந்தக் கதையைச் சந்தி சிரிக்க வைத்த இயக்கம் நம்முடையது. மேடைதோறும் கேட்டோம், தெருத்தெருவாகக் கேட்டோம். கதை ஓடிற்று. ஆனால், தோழர்களே, கதை ஓடிய பிறகும் அதன் நாற்றம் சுவரில் தங்கிவிட்டது. வாயால் ஓதுவது உயர்வு, உடலால் செய்வது தாழ்வு என்ற எண்ணம் பள்ளிக்கூடத்துக்குள்ளே பாய் விரித்துப் படுத்திருக்கிறது!

பாருங்களேன். வகுப்பறையில் நிற்பவர் ஆசிரியர். திடலில் நிற்பவர் 'டிரில் மாஸ்டர்'. கரும்பலகையில் நடப்பது பாடம். களத்தில் நடப்பது பொழுதுபோக்கு. தேர்வு நெருங்கினால் முதலில் வெட்டப்படும் ஆடு எது? விளையாட்டுப் பாடவேளை! கணக்கு வாத்தியார் கேட்பார், அறிவியல் வாத்தியார் கேட்பார், கொடுக்காவிட்டால் குற்றம். 2023ஆம் ஆண்டு சட்டமன்றத்திலேயே, அப்போது விளையாட்டுத் துறை அமைச்சராக இருந்த உதயநிதி அவர்கள், விளையாட்டு வேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் வாங்காதீர்கள் என்று கல்வி அமைச்சரிடம் வேண்டுகோள் வைத்தார். அவை கலகலத்தது. வேண்டுகோள் நல்லதுதான். அப்படியொரு வேண்டுகோளை ஓர் அமைச்சரே வைக்க வேண்டியிருந்ததே, அதை அல்லவா நாம் கவனிக்க வேண்டும்!

உடலைத் தாழ்வென்று நினைப்பவன் சிரிக்கட்டும். அவனுக்குக் காரணம் இருக்கிறது. உடலை நம்பி உலை வைக்கும் நாம் சிரிக்கலாமா?

என்னதான் படிக்கிறார்கள்?

அந்தப் பெண்ணை அருகே அழைத்தேன். "நீயே சொல்லும்மா. அந்தப் படிப்பிலே என்னதான் இருக்கிறது?"

தயங்கினாள். கல்லூரிக்காக நானூறு மீட்டர் ஓடியவளாம். அவளோடு ஓடிய அக்காமார் இருவர் அந்தப் படிப்பில் இருக்கிறார்கள். அவர்களுடைய பாடத்திட்டத்தை வாங்கிப் படித்திருக்கிறாள். மெல்ல ஆரம்பித்தவள், பிறகு நிறுத்தவே இல்லை.

பட்டம் பெற்றவர் சேரும் படிப்பு அது, பி.பி.எட். என்று பெயர். முன்பு ஓராண்டாக இருந்தது. ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுவின் 2014ஆம் ஆண்டு விதிகளுக்குப் பிறகு இரண்டு ஆண்டு, நான்கு பருவம். மதிப்பெண் மட்டும் இருந்தால் வாசல் திறக்காது. போட்டிகளில் ஆடியவராக இருக்க வேண்டும்; உடல் தகுதித் தேர்வில் ஓடிக் காட்ட வேண்டும், தாண்டிக் காட்ட வேண்டும். மேற்கொண்டு படிக்க விரும்பினால் எம்.பி.எட். இன்னும் இரண்டு ஆண்டு. பள்ளி முடித்த கையோடு சேருவோருக்கு மூன்றாண்டு இளநிலைப் பட்டமும் தனியே உண்டு.

உள்ளே போனால்? உடற்கூறு இயல், உடல் இயங்கியல். 206 எலும்புகளும் எப்படிப் பூட்டப்பட்டிருக்கின்றன, தசை எங்கே பிடித்து எங்கே இழுக்கிறது, ஓடும்போது நெஞ்சு ஏன் படபடக்கிறது, நின்ற பிறகு எவ்வளவு நேரத்தில் அடங்க வேண்டும், எல்லாம் படிக்க வேண்டும். வளரும் பிள்ளையின் நீண்ட எலும்புகளின் முனையில் குருத்தெலும்பாக வளர்ச்சித் தட்டு ஒன்று இருக்கிறது. முற்றிய எலும்பைவிட அது மென்மையானது. அங்கே பலமாக அடிபட்டால் எலும்பின் வளர்ச்சியே கோணலாகிவிடக் கூடும். பன்னிரண்டு வயதுப் பையனை இருபது வயதுக் காளையைப் போல விரட்டக் கூடாது என்பது இரக்கம் மட்டுமல்ல, அறிவியல்!

உளவியல் உண்டு: தோற்ற பிள்ளையிடம் என்ன பேசுவது, ஆடவே வராமல் ஓரத்தில் ஒதுங்கி நிற்கும் பிள்ளையை எப்படி உள்ளே இழுப்பது? முதலுதவி உண்டு: வெயிலில் மயங்கி விழுந்த பிள்ளைக்கு முதல் ஐந்து நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும், சுளுக்கு எது, முறிவு எது? அளவீடும் மதிப்பீடும் உண்டு, புள்ளியியல் உண்டு, யோகம் உண்டு, ஒவ்வொரு ஆட்டத்தின் விதியும் நடுவர் பணியும் உண்டு. பள்ளிக்கூடங்களுக்குப் போய் வகுப்பு எடுத்துக் காட்டும் பயிற்சியும் உண்டு. காலையில் திடல், பகலில் வகுப்பு, மாலையில் மறுபடியும் திடல்.

"இயக்க இயல்னு ஒண்ணு இருக்குங்க. உடம்பு எப்படி அசையுது, எங்கே பாரம் விழுதுன்னு படிக்கிறது" என்றாள்.

தகப்பனாரின் கை தன்னையறியாமல் இடுப்புக்குப் போயிற்று. முப்பது ஆண்டு மூட்டை தூக்கிய இடுப்பு. "குனிஞ்சு தூக்கக் கூடாதுப்பா. முழங்காலை மடக்கி, மூட்டையை உடம்போட ஒட்டி வச்சுக்கிட்டு, கால் பலத்திலே எழுந்திருக்கணும். முதுகை வில்லா வளைச்சா, பாரம் முழுக்க இடுப்பிலேதான் விழும்" என்றாள் மகள்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. நான் சொல்கிறேன். பதினான்கு வயதில் பள்ளியை விட்டுச் சந்தைக்குப் போன அந்த மனிதருக்கு, பதின்மூன்றாவது வயதில் ஓர் ஆசிரியர் இதைத் திடலில் கற்றுக் கொடுத்திருந்தால்? செய்யுளை மறந்திருப்பார், சூத்திரத்தை மறந்திருப்பார். இதை மறந்திருக்க மாட்டார். ஏனென்றால், நாளைக்கு நூறு முறை அவர் எழுத வேண்டிய தேர்வு அது ஒன்றுதான்!

ஏழு மீட்டர்

கடைக்காரர் பற்றுக் கணக்கு எழுத வைத்திருந்த சாக்பீஸை அந்தப் பெண் கேட்டு வாங்கினாள். பெஞ்சின் மீது நீள்வட்டமாக ஒரு கோடு இழுத்தாள். அதற்கு வெளியே இன்னொரு கோடு. அதற்கும் வெளியே இன்னொன்று.

"இது ஓடுபாதைப்பா. நானூறு மீட்டர்னா ஒரு முழுச் சுத்து. எல்லாரையும் ஒரே கோட்டிலே நிறுத்தி விசில் ஊதினா என்ன ஆகும்?"

"என்ன ஆகும்? எல்லாரும் ஓடுவாங்க. எவ கெட்டிக்காரியோ அவ ஜெயிப்பா."

"இல்லப்பா. உள்பாதையிலே ஓடறவ நானூறு மீட்டர் ஓடுவா. அதுக்கு அடுத்த பாதையிலே இருக்கிறவ நானூத்தி ஏழு மீட்டர் ஓடணும். எட்டாவது பாதையிலே இருக்கிறவ நானூத்தி ஐம்பத்து மூணு மீட்டர் ஓடணும். வளைவிலே வெளியே போகப்போக சுத்து பெருசாயிடும் இல்லையா?"

கணக்கைச் சொன்னாள். இருபக்கமும் நேர்ப்பாதை 84.39 மீட்டர். வளைவின் ஆரம் 36.50 மீட்டர். ஒவ்வொரு பாதைக்கும் அகலம் 1.22 மீட்டர். முதல் பாதையை உள்விளிம்பிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி அளக்க வேண்டும். மற்றப் பாதைகளைக் கோட்டிலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி அளக்க வேண்டும். அப்படி அளந்தால், இரண்டாம் பாதைக்காரியை 7.04 மீட்டர் முன்னே நிறுத்த வேண்டும். எட்டாம் பாதைக்காரியை 53.03 மீட்டர் முன்னே நிறுத்த வேண்டும். சுண்ணாம்புப் பொடியும் அளவு நாடாவும் வைத்துக்கொண்டு, பொட்டல் மண்ணில் இதைப் பிசகில்லாமல் போட்டுக் காட்ட வேண்டும். அதுவும் படிப்பில் ஒரு பகுதி!

தகப்பனார் கோட்டையே பார்த்துக் கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "அப்ப, முன்னாடி நிக்கிறவளுக்குத்தானே லாபம்? ஐம்பது மீட்டர் முன்னாடி நின்னா, அவதானே ஜெயிச்சிடுவா?"

"பார்க்கிறவங்களுக்கு அப்படித்தான்பா தெரியும். அளந்து பார்த்தாத்தான் தெரியும், அவளும் நானூறுதான் ஓடறான்னு."

தோழர்களே! என் கையிலிருந்த தேநீர் ஆறிப்போயிற்று. ஒன்றரை மணி நேரம் மேடையில் முழங்கினேனே, சமூக நீதி, சமூக நீதி என்று! இருபத்தொரு வயதுப் பெண் சாக்பீஸ் துண்டை வைத்துக்கொண்டு இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டாள்.

தகுதி போயிற்று, திறமை போயிற்று என்று கூவுகிறார்களே, அவர்கள் காண்பது எதை? முன்னே நிற்கும் பெண்ணை மட்டும். அவளுக்கென்று போடப்பட்ட பாதை எவ்வளவு நீளம் என்பதை அவர்கள் அளப்பதில்லை. உள்வட்டத்தில் பரம்பரையாக ஓடிப் பழகியவனுக்கு, வெளிவட்டத்தில் நிற்பவளுக்குத் தந்த ஏழு மீட்டர் சலுகையாகத் தெரிகிறது. அது சலுகையல்ல, ஐயா, கணக்கு! அந்தக் கணக்குக்காகத்தான் தமிழகம் கிளர்ந்தெழுந்து, 1951இல் அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தமே வந்தது. அந்தக் கணக்குக்காகத்தான் 1994இல் தமிழ்நாட்டின் 69 விழுக்காட்டுச் சட்டம் ஒன்பதாவது அட்டவணையில் ஏறியது.

இப்போது சொல்லுங்கள், விசில் ஊதவா பட்டம்? விசில் யார் வேண்டுமானாலும் ஊதலாம். யாரை எங்கே நிறுத்தி ஊதுவது என்பதற்குத்தான் படிப்பு!

டிரில் மாஸ்டர் வந்த வழி

இந்தக் கேலிப் பெயர் வந்ததற்கு ஒரு வரலாறும் உண்டு. வெள்ளையர் ஆட்சியில் பள்ளிக்கூடத்து உடற்பயிற்சி என்றால் பட்டாளத்துப் பயிற்சிதான். படையிலிருந்து ஓய்வு பெற்றவர் வருவார். 'இடம், வலம்' என்று அதட்டுவார். பிள்ளைகள் பொம்மைகளைப் போலத் திரும்புவார்கள். கீழ்ப்படியக் கற்பிப்பதே அதன் நோக்கம். ஆளப்படுகிறவனுக்கு அதற்கு மேல் என்ன தேவை என்பது ஆள்பவன் எண்ணம்.

அந்த முறையை மாற்றியவர்களில் ஒருவர் ஹாரி குரோ பக் என்ற அமெரிக்கர். 1919இல் சென்னைக்கு வந்தார். 1920இல் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் உடற்கல்வி ஆசிரியர்களை உருவாக்கும் பள்ளியைத் தொடங்கினார். அதுதான் பின்னர் சைதாப்பேட்டைப் பக்கம் நந்தனத்தில் விரிந்து நிற்கும் கல்லூரியாக வளர்ந்தது. 1924இல் பாரிஸ் ஒலிம்பிக்குக்கு இந்திய அணி போனபோது அணியை நடத்திச் சென்றவரும் அவரே. அதட்டும் ஆள் வேண்டாம், பயின்ற ஆசிரியர் வேண்டும் என்ற எண்ணம் நம் மண்ணில் வேர் பிடித்தது அந்தக் காலத்தில்தான்.

பக் படித்த இடம் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு. அந்த இடத்துக்கு ஒரு பெருமை உண்டு. 1891 குளிர்காலத்தில், வெளியே பனி. உள்ளே அடைபட்ட மாணவர்கள் 18 பேர். ஒரே உடற்பயிற்சியைத் திரும்பத் திரும்பச் செய்து சலித்துக் கிடந்தார்கள். அவர்களுக்குப் பொறுப்பான ஆசிரியர் ஜேம்ஸ் நைஸ்மித். என்ன செய்தார்? இரண்டு பழக்கூடைகளை எடுத்தார், மாடத்தின் விளிம்பில் பத்தடி உயரத்தில் அடித்தார், 13 விதிகளை எழுதினார், பந்தைக் கொடுத்தார். கூடைப்பந்து பிறந்தது! இன்றும் உலகெங்கும் கூடையின் உயரம் அதே பத்தடிதான். நான்கு ஆண்டு கழித்து, 1895இல், ஸ்பிரிங்ஃபீல்டில் பயின்ற வில்லியம் மார்கன் என்ற இன்னோர் ஆசிரியர், கூடைப்பந்தின் முரட்டு ஓட்டம் தாங்காத நடுவயதுக்காரர்களுக்காக வலை கட்டி ஓர் ஆட்டம் அமைத்தார். நம் ஊர்ப் பொட்டலில், மாலை வேளையில், வேலை முடித்து வந்த தோழர்கள் இரண்டு கம்பம் நட்டு வலை கட்டி ஆடுகிறார்களே கைப்பந்து, அது அந்த ஆட்டம்தான்! உடற்கல்வி ஆசிரியரின் மூளையில் உதித்ததை ஆடிக்கொண்டே, அவருக்கு மூளை எதற்கு என்று கேட்கிறோம்.

பெண் பிள்ளைக்குத் திடல் எதற்கு என்று கேட்போரும் உண்டு. அவர்களுக்கும் ஒரு சேதி. சுவீடன் நாட்டுப் பெண் மார்ட்டினா பெர்க்மன் ஆஸ்டர்பெர்க் என்பவர், 1885இலேயே இலண்டனில் பெண்களுக்கென்று உடற்கல்வி ஆசிரியர் கல்லூரி கண்டார். 1895இல் அது டார்ட்ஃபோர்டுக்குப் பெயர்ந்து பெருகியது. இங்கிலாந்தில் பெண்ணுக்கு வாக்குரிமை கிடைக்கும் முன்பே, பெண்ணுடைய காலுக்கு உரிமை கேட்டவர் அவர். இடுப்பை இறுக்கிய உடையைக் கழற்று, ஓடு, தாண்டு, உன் சம்பளத்தை நீயே சம்பாதி என்றார். நம் இயக்கத்துக்கு இது புதிய பாடமா?

நம் நாட்டிலும் இன்று பல்கலைக்கழகமே இருக்கிறது. 2004ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே அமைந்து, 2005இல் இயங்கத் தொடங்கிய தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகம், வண்டலூர் – கேளம்பாக்கம் சாலையில், மேலக்கோட்டையூரில் நிற்கிறது. உடற்கல்விக்கென்றே தனிப் பல்கலைக்கழகம்! இதைத் தெரியாமலா நாம் சிரித்தோம்?

கண்டெடுத்த கண்

சேலம் மாவட்டத்தில் பெரியவடகம்பட்டி என்றொரு சிற்றூர். ஐந்து வயதுச் சிறுவன் பள்ளிக்கு நடந்து போகிறான். பேருந்து மோதி வலது காலைச் சிதைத்துவிடுகிறது. தாய் காய்கறி விற்றுப் பிழைப்பவர். அந்தப் பிள்ளையை உலகம் என்னவென்று பார்த்திருக்கும்? 'பாவம்' என்று பார்த்திருக்கும். பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் அப்படிப் பார்க்கவில்லை. உயரம் தாண்டு என்றார்! தாண்டினான்.

2016, ரியோ நகரம். மாற்றுத் திறனாளர் ஒலிம்பிக்கில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் பெற்றார் மாரியப்பன் தங்கவேலு. 2021இல் டோக்கியோவில் வெள்ளி. 2024இல் பாரிசில் வெண்கலம். மாரியப்பனின் உழைப்பு மாரியப்பனுடையது. அதில் யாரும் பங்கு கேட்க முடியாது. ஆனால், எல்லோரும் காலைப் பார்த்த இடத்தில் தாண்டலைப் பார்த்த கண் ஒன்று இருந்ததே, அது ஓர் உடற்கல்வி ஆசிரியரின் கண். அந்தப் பள்ளியில் அந்த நாற்காலி காலியாக இருந்திருந்தால்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். எத்தனை பள்ளியில் அந்த நாற்காலி காலி? எத்தனை மாரியப்பன்கள் 'பாவம்' என்ற பெயரோடு திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள்?

பதக்கம் ஒருபுறம் இருக்கட்டும். ஐந்து முதல் பதினேழு வயது வரையுள்ள பிள்ளைகள் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடமாவது உடல் நன்கு இயங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பணக்காரன் பிள்ளைக்கு நீச்சல் குளம் உண்டு, டென்னிஸ் தளம் உண்டு, மாதச் சம்பளத்துக்குப் பயிற்சியாளர் உண்டு. நம் பிள்ளைக்கு? பள்ளித் திடலும் அந்த ஓர் ஆசிரியரும்தான் உண்டு. அவரையும் எடுத்துவிட்டால், ஒன்றும் இல்லை!

தகப்பனின் இரண்டாவது கேள்வி

பெஞ்சில் இருந்த கோட்டைத் துண்டால் துடைக்கப் போனவர், துடைக்காமல் நிறுத்தினார். "சரி தம்பி. படிப்பு பெருசுதான். ஒத்துக்கிறேன். ரெண்டு வருஷம் கட்டணம் கட்டி, விடுதிக்குக் கட்டி, படிக்க வைக்கிறேன். வேலை கிடைக்குமா?"

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. மேடையென்றால் ஏதேனும் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருப்பேன். தேநீர்க் கடையில், மூட்டை சுமந்த காசைக் கையில் வைத்துக்கொண்டு கேட்கும் தகப்பனிடம் பொய் சொல்ல முடியாது. உள்ளதைச் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன்.

உடற்கல்வி ஆசிரியர் பணியிடம் உண்டு. அதற்கு மேலே உடற்கல்வி இயக்குநர் பதவியும் உண்டு. மேல்நிலைப் பள்ளியில் இயக்குநராக எம்.பி.எட். வேண்டும். ஆசிரியர் தேர்வு வாரியத்தின் வழியே தேர்ந்து வர வேண்டும். தேர்வு எப்போது வரும் என்று காத்திருக்கவும் வேண்டும். வந்துவிட்டால் மதிப்பான வாழ்வு. வராத ஆண்டுகளில் தனியார் பள்ளி, உடற்பயிற்சிக் கூடம், குறைந்த கூலி.

ஏன் இந்த நிலை? டில்லியில் 2009இல் ஒரு சட்டம் செய்தார்கள். கட்டாயக் கல்விச் சட்டம். நல்ல சட்டம், பல நன்மைகள் உண்டு. அதன் அட்டவணையை எடுத்துப் படியுங்கள். பள்ளிக்கு விளையாட்டுத் திடல் வேண்டும் என்கிறது, சரி. விளையாட்டுப் பொருள்கள் வேண்டும் என்கிறது, சரி. ஆறு முதல் எட்டு வரை, நூறு பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் முழுநேரத் தலைமையாசிரியர் வேண்டும் என்கிறது, சரி. உடற்கல்விக்கு? 'பகுதிநேரப் பயிற்றுநர்' என்கிறது! ஓவியத்துக்கும் பகுதிநேரம், கைத்தொழிலுக்கும் பகுதிநேரம், உடலுக்கும் பகுதிநேரம். பிள்ளை முழுநேரமும் உடம்போடுதான் பள்ளிக்கு வருகிறது, ஐயா! அதைக் கவனிக்க வரும் ஆசிரியர் மட்டும் அரைநேரமா?

அந்தச் சொல்லின் விளைவை இங்கே கண்டோம். 2012இல் தமிழகத்தில் உடற்கல்வி, ஓவியம், இசை, தையல், கணினி முதலியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டார்கள். வாரம் மூன்று அரை நாள். மாதம் 5,000 ரூபாய். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 2024இல், அது 12,500 ஆயிற்று. இடையே எத்தனை மறியல், எத்தனை உண்ணாநோன்பு! மே மாதத்துக்குச் சம்பளம் இல்லையே, அந்த மாதம் எங்கள் பிள்ளைகளுக்குப் பசிக்காதா என்ற குரல் அந்தப் போராட்டங்களில் ஒலித்தது. 2021 தேர்தல் களத்தில் நிரந்தரம் செய்வோம் என்ற வாக்குறுதியும் எழுந்தது. வாக்குறுதி தந்தவர் நம்மவராயினும் பிறராயினும், நிறைவேறும் வரை நினைவூட்டுவது தொண்டனின் கடமை. தலைமைக்கு அடங்குவது கட்டுப்பாடு. மக்கள் குறையைத் தலைமையின் காதில் போடுவதும் கட்டுப்பாடுதான்!

இன்னொன்றையும் மறக்காதீர்கள். கல்வி மாநிலத்தின் பட்டியலில் இருந்தது. 1976இல், நெருக்கடி நிலைக் காலத்தில், பொதுப்பட்டியலுக்கு எடுத்துச் சென்றார்கள். அதனால்தான் நம் ஊர்த் திடலில் நிற்பவர் முழுநேரமா அரைநேரமா என்று டில்லியில் எழுதுகிறார்கள். நம் பெண் ஓராண்டு படிப்பதா ஈராண்டு படிப்பதா என்றும் அங்கேயே எழுதுகிறார்கள். மாநில சுயாட்சி என்று நாம் பேசும்போது, அது ஏதோ கோட்டையில் இருப்போர் சங்கதி என்று எண்ணிவிட வேண்டாம். சந்தையில் மூட்டை சுமப்பவரின் மகளுக்கு வேலை உண்டா இல்லையா என்ற சங்கதி அது!

நாம் செய்ய வேண்டியது

ஒவ்வோர் அரசுப் பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு உண்டு. அதே 2009ஆம் ஆண்டுச் சட்டம் தந்தது. குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராக இருக்க வேண்டும். பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். அந்தக் குழுவில் இருப்பவர்கள் யார்? உங்கள் வீட்டாரும் என் வீட்டாரும்! அடுத்த கூட்டத்துக்குப் போங்கள். மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள்.

இந்தப் பள்ளிக்குப் பயின்ற உடற்கல்வி ஆசிரியர் உண்டா, முழுநேரமா, அரைநேரமா? கால அட்டவணையில் உள்ள விளையாட்டு வேளை திடலில் நடக்கிறதா, வேறு பாடத்துக்குக் களவு போகிறதா? திடல் பள்ளியின் பெயரில் இருக்கிறதா, யாருடைய வேலிக்குள்ளாவது நகர்ந்து கொண்டிருக்கிறதா?

பதிலைத் தீர்மானமாக எழுதி வாங்குங்கள். கிராம சபையில் படியுங்கள். கிளைக் கழகத்தின் வழியே மேலே அனுப்புங்கள். ஒரு கிளை கேட்டால் மனு; ஓராயிரம் கிளை கேட்டால் கொள்கை!

பந்தலைப் பிரித்துவிட்டார்கள். கடைக்காரர் விளக்கை அணைக்கக் காத்திருந்தார். தகப்பனார் எழுந்தார். துண்டை உதறித் தோளில் போட்டார். மகளிடம் கேட்டார்: "மனு போடக் கடைசி நாள் என்னைக்கு?"

அவள் தேதியைச் சொன்னாள். விரலை மடக்கி ஏதோ கணக்குப் பார்த்தார். எத்தனை நாள், எத்தனை மூட்டை என்று இருக்கலாம். "போடு" என்றார்.

நாலடி நடந்தவர், திரும்பி வந்து என்னிடம் சொன்னார்: "தம்பி! நான் படிக்க வச்சிடறேன். அவ படிச்சிட்டு வரும்போது அந்த வேலை இருக்கணும். அதை நீங்க பேசுங்க."

பேசிவிட்டேன், அண்ணே. இதோ எழுதியும் விட்டேன். இனி, கேட்க வேண்டியவர்கள் கேட்கட்டும்; கேட்கும் வரை நாம் ஓயப்போவதில்லை!